கைராசி பலடின்: லே ஆன் ஹேண்ட்ஸ் பத்தி ஒரு ரிவ்யூ

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு, மேஜைய சுத்தி உக்காந்து ஆளுக்கு ஒரு கேரக்டர் எடுத்து டைஸ் உருட்டி ஆடற கதை விளையாட்டுல, புதுசா சேர்றவங்க யாராவது "நான் ஹீலிங் பண்ற கேரக்டர் எடுக்கலாம்னு இருக்கேன், கிளெரிக் எடுக்கவா"ன்னு கேட்டா எல்லாரும் உடனே ஆமா எடுன்னு சொல்லிடுவாங்க, நான் மட்டும் கொஞ்சம் பொறு, பலடின்ங்கற புனித வீரனோட லே ஆன் ஹேண்ட்ஸ, அதாவது தொட்டு குணமாக்கற பவர, ஒரு தடவ படிச்சுட்டு அப்புறம் முடிவு பண்ணுன்னு சொல்வேன். கிளெரிக்ங்கற பூசாரி கேரக்டர் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. 2014 ரூல்ஸ் வந்ததுல இருந்து பலடின் தான் ஆடிட்டு இருக்கேன், இப்போ 2024 ரூல்ஸுக்கும் மாறியாச்சு, இத்தன வருஷத்துல நான் அதிகமா நம்புனது வாளையும் இல்ல கவசத்தையும் இல்ல, இந்த ஒரு பவர தான். அதனால இத தனியா ஒரு ரிவ்யூவா எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை.

முதல்ல தெரியாதவங்களுக்காக. பலடினுக்குள்ள ஒரு தண்ணித் தொட்டி மாதிரி ஒரு பூல் இருக்கு, உங்க பலடின் லெவல் எவ்வளவோ அத 5 ஆல பெருக்கினா அவ்வளவு பாயிண்ட். லெவல் 1-ல 5, லெவல் 5-ல 25, லெவல் 20-க்கு போனா 100. ஒருத்தர தொட்டு அந்த பூல்ல இருந்து எவ்வளவு வேணுமோ அவ்வளவு ஹிட் பாயிண்ட், அதாவது உயிர் பலம், எடுத்துக் குடுக்கலாம், உங்களுக்கே கூட போட்டுக்கலாம். ராத்திரி லாங் ரெஸ்ட் எடுத்தா தொட்டி மறுபடி நிரம்பிடும். அவ்வளவு தான் விஷயம், டைஸ் கிடையாது, ஸ்பெல் ஸ்லாட் (இத்தன தடவ தான் மந்திரம் போடலாம்ங்கற கணக்கு) செலவு கிடையாது, மந்திரம் சொல்ல வேண்டாம். இது ஸ்பெல்லே இல்லங்கறதால எதிரி மந்திரவாதி கவுண்டர்ஸ்பெல் போட்டு தடுக்கவும் முடியாது, சைலன்ஸ் ஸ்பெல்லுக்குள்ள மாட்டிக்கிட்டு கிளெரிக் வாயத் திறக்க முடியாம நிக்கும்போதும் இது வேல செய்யும்.

டைஸ் கிடையாதுன்னு சொன்னேன்ல, அது தான் எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது. நம்ம ஊர்க்காரங்க நல்ல டாக்டர கைராசிக்காரர்னு சொல்வாங்க, ஆனா ராசிய நம்பி இருக்கறதெல்லாம் மத்த ஹீலிங்ல தான். 2014 ரூல்ஸ்ல க்யூர் வூண்ட்ஸ் போட்டா ஒரு 8 பக்க டைஸ் உருட்டி விஸ்டம் போனஸ கூட்டணும், போனஸ் 3-ன்னு வச்சா 4-ம் வரலாம் 11-ம் வரலாம். நண்பன் செத்துட்டு இருக்கான், நீங்க டைஸ உருட்டுறீங்க, 1 விழுது, அந்த நேரத்துல வர்ற வயித்தெரிச்சல் ஆடினவங்களுக்கு தான் தெரியும். 2024-ல அத ரெண்டு 8 பக்க டைஸா ஏத்தி இருக்காங்க, அதே போனஸுக்கு 5-ல இருந்து 19 வரைக்கும் வரும், நல்ல மாற்றம் தான், சராசரி 12, ஆனாலும் 5 வர்ற ராத்திரி 5 தான். லே ஆன் ஹேண்ட்ஸ்ல நீங்க 12 குடுக்கணும்னு நினைச்சா 12 தான் போகும், ஒண்ணு கூட குறையாது.

இன்னொண்ணு, ஒரே ஒரு பாயிண்ட் கூட எடுத்துக் குடுக்கலாம்ங்கறது. இது எதுக்குன்னு புதுசா ஆடுறவங்களுக்கு உடனே புரியாது, எனக்கும் புரிய ஒரு வருஷம் ஆச்சு.

இந்த கேம்ல ஹிட் பாயிண்ட் 0-க்கு கீழ போறதில்ல. 20 பாயிண்ட்டுக்கு அடி வாங்கி விழுந்தாலும் 2 பாயிண்ட்டுக்கு அடி வாங்கி விழுந்தாலும் ஷீட்ல 0 தான். விழுந்தவர் தன்னோட டர்ன் வரும்போதெல்லாம் டெத் சேவ் உருட்டணும், 10-ம் அதுக்கு மேலயும் வந்தா ஒரு பாஸ், கம்மியா வந்தா ஒரு ஃபெயில், மூணு பாஸ் ஆனா உயிர் நிக்கும், மூணு ஃபெயில் ஆனா கதை முடிஞ்சது. 1 விழுந்தா ஒரே அடியா ரெண்டு ஃபெயில். ஆனா இதுக்கு நடுவுல யாராவது ஒரே ஒரு ஹிட் பாயிண்ட் குடுத்துட்டா போதும், இதெல்லாம் அழிஞ்சு அவர் கண்ண முழிச்சுருவார். அதாவது சாகக் கிடக்கறவனுக்கு 1 பாயிண்ட்டும் 15 பாயிண்ட்டும் செய்யற வேல அந்த நொடியில ஒண்ணு தான். லெவல் 4 பலடின்கிட்ட 20 பாயிண்ட் இருக்குன்னா அத 20 ஹிட் பாயிண்ட்டுன்னு பாக்கக் கூடாது, 20 உயிர்னு பாக்கணும்.

எங்க ஆட்டத்துல ஒரு தடவ கயித்துப் பாலத்து மேல சண்ட. எல்லாரும் லெவல் 4. காலைல இருந்து ரெண்டு சண்ட முடிச்சுட்டு வந்ததால என் பூல்ல மிச்சம் இருந்தது வெறும் 2 பாயிண்ட், ஷீட்ல அந்தக் கட்டத்துல பென்சில்ல எழுதி எழுதி அழிச்சு பேப்பரே மெலிசாகி பின்னாடி மேஜையோட நிறம் தெரிய ஆரம்பிச்சுருச்சு. எங்க குரூப்போட திருடன் கேரக்டர் ரோக் விழுந்துட்டான், ஏற்கனவே ரெண்டு ஃபெயில். மந்திரவாதி விஸர்ட் பக்கத்துல விழுந்து கிடக்கா, ஒரு ஃபெயில். ரோக் ஆடுறவன் அடுத்த டெத் சேவுக்கான டைஸ உள்ளங்கையில இறுக்கி புடிச்சுட்டு என்னையே பாக்கறான், ஒரு வார்த்த பேசல. நல்லவேளையா வரிசைல அவனுக்கு முன்னாடி என் டர்ன். ஒரு பாயிண்ட் அவனுக்கு. எந்திரிச்சான், 1 ஹிட் பாயிண்ட்டோட பாதி நடைய எந்திரிக்கறதுக்கே செலவு பண்ணிட்டு, மிச்ச நடைல டிஸ்எங்கேஜ் பண்ணி, அதாவது அடி வாங்காம விலகி, நாங்க சண்ட போட்ட ஓகர்ங்கற ராட்சசன் கைக்கு எட்டாத தூரம் போய் அங்க இருந்து அம்பு விட்டான். விஸர்ட் அவளோட டர்ன்ல டெத் சேவ் ஒண்ணு பாஸ் பண்ணா. அடுத்த ரவுண்டுல மிச்சம் இருந்த ஒரு பாயிண்ட் அவளுக்கு. ரெண்டு பாயிண்ட், ரெண்டு பேர், ரெண்டு பேரும் பாலத்த தாண்டினாங்க. அன்னைக்கு ரோக் ஆடுறவன் டைஸ கீழ வச்சப்போ உள்ளங்கையில முக்கோணம் முக்கோணமா அச்சு விழுந்திருந்தது, இன்னும் ஞாபகம் இருக்கு.

அன்னைக்கு ஒரு குறை மட்டும் இருந்தது. 2014 ரூல்ஸ்ல லே ஆன் ஹேண்ட்ஸுக்கு முழு ஆக்‌ஷன் செலவாகும். ஒரு டர்ன்ல பண்ண முடியற முக்கிய வேல அது, அதனால அந்த ரெண்டு டர்னும் நான் ஓகர ஒரு அடி கூட அடிக்கல, அது பாட்டுக்கு என்ன போட்டு அடிச்சுட்டு இருந்தது. 2024-ல இத போனஸ் ஆக்‌ஷனா மாத்திட்டாங்க, அதாவது முக்கிய வேலையோட கூடவே பண்ற சின்ன வேல, என்னைக் கேட்டா இந்த ஒரு திருத்தத்துக்காகவே புது ரூல்ஸுக்கு மாறலாம். இப்போ நண்பன எழுப்பி விட்டுட்டு அதே டர்ன்ல எதிரிய வெட்டலாம், லெவல் 5-ல இருந்து ரெண்டு வெட்டு. அதே பாலச் சண்டைய புது ரூல்ஸ்ல ஆடி இருந்தா ஓகர் ஒரு ரவுண்டு முன்னாடியே விழுந்திருக்கும்னு எனக்கு நிச்சயமா தோணுது.

ஆனா இங்கயே ஒரு சிக்கலும் வருது, விளம்பரமா சொல்றவங்க இத சொல்ல மாட்டாங்க. வெட்டோட தெய்வ சக்திய சேத்து அடிக்கற டிவைன் ஸ்மைட்ட 2024-ல ஸ்பெல்லா மாத்தி அதையும் போனஸ் ஆக்‌ஷன்ல போட்டுட்டாங்க. முன்னாடி அடி பட்டதுன்னு தெரிஞ்சதும் ஸ்லாட்ட செலவு பண்ணி ஸ்மைட்ட சேத்துக்கலாம், அதுக்குன்னு தனியா எந்த ஆக்‌ஷனும் வேண்டாம். இப்போ ஒரு டர்ன்ல ஒரு போனஸ் ஆக்‌ஷன் தான், அதுல ஸ்மைட் போடறதா நண்பன தொடறதான்னு ஒண்ண தான் எடுக்க முடியும். அதுலயும் வரிசை முக்கியம், முதல்ல நண்பன தொட்டுட்டீங்கன்னா அப்புறம் உங்க வெட்டு கிரிட்டிக்கலா விழுந்தாலும் ஸ்மைட் கிடையாது. நிறைய பேர் இதுக்காக புது பலடின திட்டறாங்க. எனக்கு என்னமோ இது சரின்னு தான் படுது, ஏன்னா பழைய பலடின் ஒரே டர்ன்ல எல்லா ஸ்லாட்டையும் கொட்டி அடிச்சுட்டு ஹீலிங்க மறந்துருவான், இப்போ ஒவ்வொரு டர்னும் இந்தக் கேள்வி வந்து நிக்குது, அடிக்கறதா காப்பாத்தறதா. அடிக்கறதுக்கு மட்டும் பலடின் எடுத்தவங்களுக்கு இது நஷ்டம் தான், அத மறுக்கல.

பெரிய பலவீனம்னு கேட்டா தூரம். தொட்டே ஆகணும். கிளெரிக்கோட ஹீலிங் வேர்ட் 60 அடி தள்ளி இருந்து ஒரு வார்த்தைல நண்பன எழுப்பும், அதுவும் போனஸ் ஆக்‌ஷன் தான், 2024-ல அதுவும் ரெண்டு 4 பக்க டைஸா ஏறி இருக்கு. பலடின் பாவம் இரும்புக் கவசத்தோட 30 அடி ஓடி, நடுவுல எதிரிய விட்டு விலகினா ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் வாங்கி, அப்புறம் தான் கைய வைக்கணும். உங்க குரூப்ல வில்லாளியும் மந்திரவாதியும் எப்பவும் 60 அடி பின்னாடியே நிக்கறவங்கன்னா லே ஆன் ஹேண்ட்ஸ மட்டும் நம்பாதீங்க, யாராவது ஒருத்தர் ஹீலிங் வேர்ட் வச்சிருக்கறது நல்லது.

அடுத்து என் அனுபவத்துல நடந்தத சொல்றேன், இத படிச்சாவது யாராவது தப்பிக்கட்டும். லெவல் 6, பூல் முழுசா 30. பெரிய சண்டைக்கு வேணும்னு சேத்து சேத்து வச்சுட்டேன், எனக்கு 9 ஹிட் பாயிண்ட் இருக்கும்போது கூட போட்டுக்கல, அடுத்த டர்ன்ல பாத்துக்கலாம்னு விட்டேன். அந்த அடுத்த டர்ன் வர்றதுக்குள்ள ட்ரோல் மூணு அடி அடிச்சு நான் விழுந்துட்டேன். மயங்கிக் கிடக்கறவன் எந்த ஆக்‌ஷனும் எடுக்க முடியாது, 30 பாயிண்ட்டும் எனக்குள்ள பூட்டின பெட்டி மாதிரி கிடந்தது. நான் விழுந்ததும் லெவல் 6-ல பலடின சுத்தி இருக்கற ஆரா ஆஃப் ப்ரொடெக்‌ஷனும் அணைஞ்சு போச்சு, பக்கத்துல நின்னவங்க சேவிங் த்ரோ, அதாவது ஆபத்துல இருந்து தப்பிக்க உருட்டற டைஸ், எல்லாம் சரிஞ்சது. ரேஞ்சர் ஒரு ஹீலிங் போஷன என் வாயில ஊத்தினதால நான் பொழைச்சேன், ஆனா நாங்க கூட கூட்டிட்டு வந்த வழிகாட்டி செத்துட்டான், அவன் எனக்கு 10 அடி தள்ளி தான் கிடந்தான். பூல்ல இருக்கறது உங்களுக்கும் சேத்து தான், பாதி ஹிட் பாயிண்ட்டுக்கு கீழ போனா போட்டுக்கங்க, அதுவும் போனஸ் ஆக்‌ஷனா ஆன பிறகு சேத்து வைக்கறதுக்கு காரணமே இல்ல.

இந்தப் பவரோட பழைய கதைய பாத்தா எனக்கு இன்னும் மரியாத கூடுது. பலடின் 1975-லயே கேம்ல வந்தாச்சு, அப்பவே கை வச்சா குணமாகும், ஒரு லெவலுக்கு 2 பாயிண்ட். மூணாவது எடிஷன், அதாவது 2000-ல, லெவல சாரிஸ்மா போனஸால பெருக்கணும். 2008-ல வந்த நாலாவது எடிஷன்ல செஞ்சது தான் எனக்கு மனசுல நிக்கறது, அதுல பலடின் தன்னோட சொந்த ஹீலிங் சர்ஜ் (தன்னத் தானே தேத்திக்க வச்சிருக்கற பலம்) ஒண்ண செலவு பண்ணி அடுத்தவனுக்கு குடுப்பான், அதாவது தன் உடம்புல இருந்து எடுத்து குடுக்கறான். கதையா பாத்தா இது தான் அழகு, கணக்கா பாத்தா இப்போ இருக்கற பூல் தான் வசதி. கை வச்சு குணமாக்கறதுங்கற யோசனையும் சும்மா வந்ததில்ல, இங்கிலாந்துலயும் ஃப்ரான்ஸ்லயும் ராஜா தொட்டா கழுத்துல கட்டி வர்ற ஸ்க்ரோஃபுலா நோய் போயிடும்னு பல நூறு வருஷம் மக்கள் நம்பி வரிசைல நின்னாங்க, அகராதி எழுதின சாமுவேல் ஜான்சன குழந்தையா இருக்கும்போது 1712-ல ஆன் ராணிகிட்ட கூட்டிட்டுப் போய் தொட வச்சாங்க. அவருக்கு குணமாகல, தழும்போட தான் வாழ்ந்தார். அந்த வரிசைல நின்னவங்க ஆசைப்பட்டது என்னவோ அது இந்தக் கேம்ல உண்மையாவே நடக்குது.

கம்ப்யூட்டர் கேம்ல இதே பேர்ல வர்றதெல்லாம் எனக்கு அவ்வளவு திருப்தி இல்ல. 2023-ல வந்த பால்டர்ஸ் கேட் 3-ல பூல் கிடையாது, சார்ஜ் தான், ஒரு சார்ஜுக்கு பலடின் லெவல் மாதிரி ரெண்டு மடங்கு, ரெண்டு சார்ஜுக்கு நாலு மடங்கு. ஆடறதுக்கு சுலபம், பட்டன அமுக்கினா போதும், ஆனா ஒரு பாயிண்ட் எடுத்துக் குடுக்கற அந்த நுணுக்கம் அதுல இல்ல. வேர்ல்ட் ஆஃப் வார்க்ராஃப்ட் ஆரம்ப காலத்துல இத ஒரே தடவைல கொட்டற பெரிய வைத்தியமா வச்சிருந்தாங்க, பலடினோட மானா மொத்தமும் காலியாகிடும், கடைசி நிமிஷ அற்புதம் மாதிரி இருக்கும். அதுவும் நல்லா தான் இருக்கும், ஆனா அது வேற பண்டம்.

சின்னதா ஒண்ணு, 2014-ல அண்டெட்டுக்கும் (செத்தும் நடமாடறது) கன்ஸ்ட்ரக்டுக்கும் (இயந்திரம் மாதிரி செஞ்சு வச்சது) இது வேல செய்யாதுன்னு ஒரு வரி இருந்தது, 2024-ல அந்த வரி இல்ல. எங்க குரூப்ல கருவி செய்யற ஆர்ட்டிஃபைசரோட இரும்புக் காவலாளிய இப்போ கை வச்சு சரி பண்ணலாம்னு தெரிஞ்சதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் லெவல் 14 வந்தா ரெஸ்டோரிங் டச்னு ஒண்ணு கிடைக்கும், பூல்ல இருந்து 5 பாயிண்ட் குடுத்தா குருடு, செவிடு, பயம், மயக்கு, பேரலைஸ், ஸ்டன் இதுல ஒண்ண எடுத்துடலாம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு 5. அந்த லெவல்ல பூல் 70 இருக்கும், தாராளம். நான் அந்த லெவல்ல ஆடினது கொஞ்சம் தான், ஆனா டிராகன் பயமுறுத்தி நாலு பேர் உறைஞ்சு நிக்கும்போது இது எவ்வளவு பெரிய விஷயம்னு பாத்திருக்கேன்.

இப்போ என் ஒரே மனக்குறை. 2014-ல 5 பாயிண்ட் செலவு பண்ணா ஒரு நோய குணமாக்கலாம், இல்லன்னா ஒரு விஷத்த முறிக்கலாம். 2024-ல விஷம் மட்டும் தான் இருக்கு, நோய்ங்கற வார்த்தையையே எடுத்துட்டாங்க. படிச்ச உடனே புத்தகத்த மூடி வச்சுட்டேன்.

ஏன்னு சொல்றேன். நாங்க லெவல் 3-ல இருக்கும்போது எங்க டிஎம், அதாவது கதைய நடத்தறவர், ஒரு ஆத்தோரக் கிராமத்துக்கு கூட்டிட்டுப் போனார். சண்ட இல்ல, அசுரன் இல்ல, காய்ச்சல். பதினோரு பேர் படுத்திருக்காங்க. என் பூல் 15, ஒரு ஆளுக்கு 5, ஒரு நாளைக்கு மூணு பேர். கணக்கு போட்டா நாலு நாள், ஆனா எல்லாரும் நாலு நாள் தாங்க மாட்டாங்கன்னு டிஎம் மெதுவா சொன்னார். யார முதல்ல? மேஜைல கால் மணி நேரம் பேச்சு. குழந்தைங்கள தான்னு நான் சொன்னேன், ரேஞ்சர் ஆடுறவ சொன்னா முதல்ல அந்த மருத்துவச்சிய எழுப்பு, அவங்க எந்திரிச்சா மத்தவங்களுக்கு கஷாயம் வச்சு குடுத்து நாள ஓட்டுவாங்க, நீ கைய வைக்கற வரைக்கும் உயிர் நிக்கும்னு. அவ சொன்னது சரி, முதல் கை மருத்துவச்சி நெத்தில தான் வச்சேன். அப்புறம் ரெண்டு குழந்தைங்க. அன்னைக்கு ராத்திரி ஓநாய்ங்க வந்தப்போ என் பூல்ல ஒரு பாயிண்ட் கூட இல்ல, ரோக் கடிபட்டு விழுந்தான், அவன் தானா மூணு டெத் சேவ் பாஸ் பண்ணி தான் பொழைச்சான், அப்பவும் எவனும் என்ன ஒரு வார்த்த கேக்கல. நாலாவது நாள் காலைல பதினோராவது ஆள் எந்திரிச்சு உக்காந்தார், நடுவுல ஒருத்தர் கூட சாகல. எத்தனையோ டிராகன வெட்டி இருக்கோம், எங்க குரூப்ல இன்னைக்கும் எல்லாரும் பேசறது அந்தக் கிராமத்த பத்தி தான்.

புது ரூல்ஸ அப்படியே எடுத்தா அந்தக் கதைய ஆட முடியாது, பலடின் அந்த வாசல்ல நின்னு பாத்துட்டு தான் வரணும். சண்டைக்குன்னு பாத்தா 2024 லே ஆன் ஹேண்ட்ஸ் முன்ன விட எவ்வளவோ மேல, பத்துக்கு ஒன்பதர குடுப்பேன், சண்ட இல்லாத நாளைக்கு அது பழச விட சின்னதாகிப் போச்சு. வாங்கறதுக்கு முன்னாடி நீங்களே படிச்சுப் பாக்கணும்னா 2025 ஏப்ரல்ல கிரியேட்டிவ் காமன்ஸ்ல இலவசமா விட்ட எஸ்ஆர்டி 5.2-ங்கற ரூல்ஸ் தொகுப்புல பலடின் இருக்கு, பழைய வரி வேணும்னா 5.1-ல இருக்கு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க.

எங்க டேபிள்ல இப்போ 2024 தான் ஆடறோம். புது பலடினோட ஷீட்ட எடுத்துட்டுப் போன முதல் நாளே டிஎம்கிட்ட கிராமத்த ஞாபகப்படுத்தி இந்த விஷயத்த சொன்னேன். அவர் வேற எதுவும் பேசல, என் கையில இருந்த பென்சில வாங்கி, லே ஆன் ஹேண்ட்ஸ் கட்டத்துக்கு கீழ "5 பாயிண்ட், ஒரு நோய்"னு தன் கையாலயே எழுதிக் குடுத்தார்.